பயிற்றுநர், பணம், படிப்பு: அமெரிக்கக் கல்லூரி மகளிர் மென்பந்தாட்டத்தின் மூன்று கணக்குகள்

கல்லூரி விளையாட்டு அணி ஒன்றின் வரலாறு பெரும்பாலும் வெற்றிப் பட்டியலாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் யார் வென்றனர் என்பது பதிவாகிறது. அந்த அணிக்குப் பயிற்றுநர் எத்தனை பேர், அவர்களுள் ஊதியம் பெற்றோர் எத்தனை பேர், பயணச் செலவை ஏற்றவர் யார், ஆடிய மாணவியருள் பட்டம் பெற்றோர் எத்தனை பேர் என்பன அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரிகளின் மகளிர் மென்பந்தாட்டம் இதற்கு ஒரு விதிவிலக்கு. 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் வழிவந்த வழக்குகளும் இக்கோப்புகளை நீதிமன்ற மேசைக்குக் கொண்டுவந்தன. 1994ஆம் ஆண்டுச் சட்டமோ அவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று விதித்தது.

பயிற்றுநர், பணம், படிப்பு ஆகிய இம்மூன்று கணக்குகளையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. படிப்புக் கணக்கில் இவ்வணிகள் ஈட்டிய நற்பெயர் ஏனைய இரு கணக்குகளிலும் வரவாக வைக்கப்படவில்லை. பயிற்றுநர் பணியிடங்களும் பணமும் பெரிதும் வழக்குகளாலும் தொலைக்காட்சியாலும் வந்தவை. அவை வந்து சேர்ந்த காலத்தில், அவற்றை நிருவகிக்கும் உரிமை பெண்களின் கையை விட்டுப் பெரும்பாலும் போயிருந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியச் சூழலில் கல்லூரி விளையாட்டு என்பது உடற்கல்வித் துறையின் ஒரு பணி. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளோடு அதன் எல்லை முடிந்துவிடும். அமெரிக்க அமைப்பு வேறு. அங்குப் பெரிய பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறை தனி இயக்குநரையும் தனி வரவு செலவுத் திட்டத்தையும் கொண்டது. பயிற்றுநர் ஆசிரியர் அல்லர்; ஒப்பந்தத்தில் அமர்த்தப்படும் தொழில்முறையாளர். ஆட்டத் திறமைக்காகவே கல்விக் கட்டண உதவித்தொகை வழங்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும்.

ஆட்டமும் பெயரும்

மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டு சிகாகோ நகரில், ஃபேரகட் படகுக் கழகத்தின் உள்ளரங்கில் தோன்றியது. ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதிகள் வகுத்தார். அப்போது அது உள்ளரங்கப் பேஸ்பால் எனப்பட்டது. பந்து பெரியது, மெத்தென்றிருப்பது. ‘சாஃப்ட்பால்’ என்ற பெயரை 1926இல் வால்டர் ஹாகன்சன் முன்மொழிந்தார். இன்று கல்லூரிகளில் ஆடப்படும் பந்து 12 அங்குலச் சுற்றளவு கொண்டது, கைக்குக் கடினமானது. 43 அடித் தொலைவிலிருந்து கீழ்க்கை வீச்சாக மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தை எட்டி வரும் அப்பந்தை மென்மையானது என எவரும் கூறார். காரணப் பெயராகத் தோன்றியது இடுகுறிப் பெயராக நின்றுவிட்டது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வாட்டத்தைப் பெண்களிடையே வளர்த்தவை கல்லூரிகள் அல்ல, தொழிற்சாலைகள். கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் ஒரு தொழில் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த ‘ரேபெஸ்டாஸ் பிரேகெட்ஸ்’ அணி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கல்லூரிகளிலோ பெண் உடற்கல்வி ஆசிரியர்களே போட்டி ஆட்டத்தை விரும்பவில்லை. ஆண்கள் விளையாட்டில் அவர்கள் கண்ட பணப்பெருக்கும் ஒழுங்கீனமும் பெண்களுக்கு வேண்டாம் என்று கருதினர். ‘ஆட்ட நாள்’ என்ற பெயரில் பல கல்லூரி மாணவியரையும் ஒன்றுகூட்டி, அவர்களைக் கலந்து அணி பிரித்து, எந்தக் கல்லூரி வென்றது என்ற வினாவே எழாதவாறு ஆடச்செய்தனர். இதனைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பிற்காலத்தில் நிகழ்ந்தவற்றை நோக்க, அவர்தம் அச்சத்தில் ஒரு பகுதி மெய்யாயிற்று என்பதையும் மறுக்க இயலாது.

1969இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் முதல் மகளிர் கல்லூரி உலகத் தொடர் நடைபெற்றது. ‘உலகத் தொடர்’ என்பது பேஸ்பாலிலிருந்து வந்த வழக்கு. உலகம் என்பது ஈண்டு அமெரிக்காவையே குறிக்கும். முதல் மூன்று ஆண்டுகளும் கோப்பையை வென்றது வாஹூ என்னும் சிற்றூரின் ஜான் எஃப். கென்னடி கல்லூரி. 1975இல் அக்கல்லூரியே மூடப்பட்டது. மூன்று தேசியப் பட்டங்கள் ஒரு சிறு கல்லூரியின் கணக்கேட்டைக் காப்பாற்றப் போதியனவாக இல்லை.

பெண்கள் நடத்திய சங்கம்

ஏ.ஐ.ஏ.டபிள்யூ. எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கம் 1971இல் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 280 கல்லூரிகளுடன் தொடங்கிய அது பத்தாண்டுகளில் 950க்கு மேற்பட்ட உறுப்பினரைப் பெற்றது. அதன் தலைவர்கள், குழுவினர், விதி வகுத்தோர் ஆகிய யாவரும் பெரும்பாலும் பெண்கள். பலர் உடற்கல்விப் பேராசிரியர்கள். விளையாட்டு மாணவி முதலில் மாணவி என்பது அவர்களது கொள்கை. கல்வித் தகுதியில் அவளுக்குத் தனிச் சலுகையும் இல்லை, தனித் தடையும் இல்லை. பயிற்றுநர் ஊர் ஊராகச் சென்று மாணவியரைத் திரட்டுதல் கட்டுப்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் விளையாட்டு உதவித்தொகையே தடைசெய்யப்பட்டிருந்தது.

இத்தடையை உடைத்தோர் மாணவியரே. 1973இல் ஃபுளோரிடா மாநிலத்தின் டென்னிஸ் வீராங்கனைகள் சிலர், ஆண்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகை தமக்கு மறுக்கப்படுவது ஏன் என்று வழக்குத் தொடுத்தனர். மகளிர் சங்கம் அவ்வாண்டே தன் விதியை மாற்றிக்கொண்டது. பெண்களைப் பணத்தின் தீங்கிலிருந்து காக்க எண்ணிய விதி, பெண்களுக்குப் பணம் மறுக்கும் விதியாகவே நடைமுறையில் அமைந்தது. சங்கத்தின் வரலாறு முழுவதும் இம்முரண் தொடர்ந்தது.

இக்காலப் பயிற்றுநர்களின் நிலை ஒருவாறு தெளிவானது. பலரும் உடற்கல்வித் துறையில் முழுநேர ஆசிரியர்கள். வகுப்பு முடிந்தபின் அணியைப் பயிற்றுவிப்பார்கள். அதற்கெனத் தனி ஊதியம் இல்லாமலோ, சிறு மதிப்பூதியத்துடனோ பணியாற்றினர். சீருடை தைப்பதும் வண்டி ஓட்டுவதும் அவர்கள் வேலையாகவே இருந்தன. புரூக்ளின் கல்லூரியைச் சேர்ந்த விவியன் அகோஸ்டா, லிண்டா ஜீன் கார்பென்டர் இருவரும் பல்லாண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வின்படி, 1972இல் மகளிர் அணிகளுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றைப் பயிற்றுவித்தோர் பெண்கள். ஊதியமற்ற பணியில் அவர்களுக்குப் போட்டியாளர் எவரும் இலர்.

சட்டம் வந்தபின்

1972 ஜூன் 23 அன்று நடைமுறைக்கு ஒப்பமிடப்பட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. மூலத்தில் 37 சொற்களே கொண்ட அவ்விதியில் விளையாட்டு என்ற சொல் இல்லை. 1975இல் வந்த ஒழுங்குமுறைகளும் 1979இல் வந்த விளக்கமுமே அதனை ஆடுகளத்திற்குக் கொண்டுசென்றன. 1979ஆம் ஆண்டு விளக்கம் மூன்று அளவுகோல்களைத் தந்தது. மாணவர் எண்ணிக்கையில் பெண்களின் விகிதத்திற்கு ஏற்ப விளையாட்டு வாய்ப்பு இருத்தல் முதலாவது. வாய்ப்பைத் தொடர்ந்து விரிவாக்கிவரும் வரலாறு இருத்தல் இரண்டாவது. பெண்களின் ஆர்வமும் திறனும் முழுமையாக நிறைவு செய்யப்பட்டிருத்தல் மூன்றாவது. இவற்றுள் ஒன்றை நிறைவேற்றினால் போதும்.

சட்டத்தின் விளைவாகப் பணம் வரத் தொடங்கியது. பணம் வந்ததும், அதுவரை ஆண்கள் விளையாட்டை மட்டுமே நடத்திவந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகிய என்.சி.ஏ.ஏ. மகளிர் போட்டிகளிலும் நாட்டம் கொண்டது. 1970களில் இச்சட்டத்தை விளையாட்டுக்குப் பொருத்தலாகாது என்று எதிர்த்ததும் இதே அமைப்புத்தான். 1981இல் அது மகளிர் சாம்பியன் பட்டங்களை அறிவித்தபோது, கூடுதல் உறுப்பினர் கட்டணம் இல்லை என்றும் போட்டிக்கு வரும் அணிகளின் பயணச் செலவைத் தானே ஏற்பதாகவும் கூறியது. மகளிர் சங்கத்தால் இதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 1982ஆம் ஆண்டு மென்பந்தில் இரண்டு தேசியப் பட்டங்கள் வழங்கப்பட்டன. ஒமாஹாவில் என்.சி.ஏ.ஏ. பட்டத்தை லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும், நார்மன் நகரில் மகளிர் சங்கப் பட்டத்தை டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் வென்றன. அதுவே மகளிர் சங்கத்தின் இறுதி ஆண்டு. ஏகபோகத்தை எதிர்த்து அது தொடுத்த வழக்கு 1984இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

கல்லூரிகளின் உள்ளேயும் இதே மாற்றம் நிகழ்ந்தது. தனித்திருந்த மகளிர் விளையாட்டுத் துறைகள் ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டன. இணைந்த துறைக்கு ஏற்கெனவே இருந்த ஆண் இயக்குநரே பெரும்பாலும் தலைவரானார். மகளிர் விளையாட்டை நிருவகித்தோருள் 1972இல் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். 1984இல் அது 17 விழுக்காடு. பயிற்றுநர் நிலையிலும் சரிவு விரைந்து வந்தது. 1978இல் 58.2 விழுக்காடாகக் குறைந்த பெண் பயிற்றுநர் பங்கு, 2014இல் 43.4 விழுக்காடாக நின்றது. ஆண்கள் அணிகளைப் பயிற்றுவிக்கும் பெண்கள் நூற்றுக்கு மூவர் அளவினரே. ஊதியம் ஏற்பட்டதும் மகளிர் அணி ஆண்களுக்கும் ஏற்ற வேலையாயிற்று. எதிர்த்திசைக் கதவு திறக்கவில்லை. மென்பந்தில் பெண் பயிற்றுநர் பங்கு பிற ஆட்டங்களின் சராசரியைவிட உயர்ந்தே உள்ளது. ஆண்கள் அதே வடிவில் கல்லூரியில் ஆடாத ஆட்டம் என்பது அதற்கு ஒரு காரணமாகலாம்.

டோனா லோபியானோவின் வாழ்க்கை இக்காலத்தின் சிக்கலைக் காட்டவல்லது. சிறுமியாக இருந்தபோது லிட்டில் லீக் பேஸ்பாலில் பெண் என்ற காரணத்தால் விலக்கப்பட்ட அவர், பிரேகெட்ஸ் அணியின் புகழ்பெற்ற மென்பந்து வீச்சாளரானார். 1975 முதல் 1992 வரை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மகளிர் விளையாட்டு இயக்குநராகப் பணியாற்றினார். 1981இல் மகளிர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். எனினும் அவர் இயக்குநராக இருந்த 17 ஆண்டுகளிலும் டெக்சஸ் பல்கலைக்கழகத்திற்கு அதிகாரப்பூர்வ மென்பந்து அணி இல்லை. மாணவியர் 1992இல் வழக்குத் தொடுத்து, 1993இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே, 1997இல் அவ்வணி களமிறங்கியது. தனிமனிதரின் பற்று ஒரு வரவு செலவுத் திட்டத்தை மாற்றிவிடுவதில்லை.

இரண்டு வழக்குகள்

மென்பந்து அணியை நேரடியாகப் பொருளாகக் கொண்ட இரு வழக்குகள் இவ்வாய்வுக்கு இன்றியமையாதன. முதலாவது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக வழக்கு. 1992 ஜூன் மாதத்தில் அப்பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மகளிர் மென்பந்து அணியையும் ஆண்கள் பேஸ்பால் அணியையும் ஒருங்கே கலைத்தது. இருபாலார்க்கும் ஒரே நீதி என்ற தோற்றம் இதில் உண்டு. மாணவியர் உடனே நீதிமன்றம் சென்றனர். மொத்த மாணவர் தொகையில் பெண்களின் பங்குக்கும் விளையாடுவோரில் பெண்களின் பங்குக்கும் 10.5 விழுக்காட்டுப் புள்ளிகள் வேறுபாடு இருந்ததை நீதிமன்றம் கண்டது. அவ்வேறுபாடு நீடிக்கும்வரை, இரு அணிகளைக் கலைப்பது சமமான செயல் ஆகாது. 1993இல் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மென்பந்து அணியை மீட்டளிக்கும் ஆணையை உறுதிசெய்தது. பேஸ்பால் திரும்பவில்லை. பணமில்லை என்பது சட்டத்தை மீறுவதற்கு விடையாகாது என்பதே இத்தீர்ப்பின் உட்கிடை. நெருக்கடியுள்ள நிறுவனம் வெட்டலாம். ஆனால் வெட்டியபின் எஞ்சுவது விகிதப்படி அமைய வேண்டும்.

இரண்டாவது, பெடர்சன் எதிர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற வழக்கு. அப்பல்கலைக்கழகம் 1979 முதல் 1983 வரை மென்பந்து அணியை நடத்தி, பின்னர் நிறுத்திவிட்டது. 1984இல் உச்ச நீதிமன்றம் குரோவ் சிட்டி கல்லூரி வழக்கில், அரசு நிதியை நேரடியாகப் பெறும் திட்டத்திற்கு மட்டுமே ஒன்பதாம் தலைப்பு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதனால் விளையாட்டுத் துறைகள் ஏறத்தாழ முழுமையாகச் சட்டத்தின் பிடியிலிருந்து விலகி நின்றன. குடியரசுத் தலைவர் ரீகனின் மறுப்பையும் மீறி 1988இல் நாடாளுமன்றம் குடியுரிமை மீட்புச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகே அந்த இடைவெளி அடைபட்டது. சேதத்திற்கு ஈட்டுத்தொகை கோரலாம் என்பது உறுதியானது 1992இல்தான். இவ்வளவும் கடந்து 1994இல் லூசியானா மாணவியர் வழக்குத் தொடுத்தனர்.

அக்காலத்தில் அப்பல்கலைக்கழக மாணவருள் பெண்கள் 49 விழுக்காடு. விளையாடுவோரில் 29 விழுக்காடு. பெண்களிடையே ஆர்வம் போதாது என்பது நிருவாகத்தின் வாதங்களுள் ஒன்று. நான்கு ஆண்டுகள் அணி இருந்து ஆடிய ஓரிடத்தில் அவ்வாதம் எடுபடவில்லை. 1996இல் மாவட்ட நீதிமன்றம் சட்டம் மீறப்பட்டது என்றது. ஆயினும் அது வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று, அறியாமையால் நேர்ந்தது என்று கருதியது. 2000ஆம் ஆண்டில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை மாற்றியது. சட்டத்தை மீற வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்பது வினாவன்று; பெண்களை வேறாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்பதே வினா என்றும், பெண்கள் பற்றிய பழங்கால மனப்பாங்கைத் தாமே உணராதிருந்தமை பாதுகாப்பாகாது என்றும் அது முடிவு செய்தது.

தீர்ப்பைவிட ஆண்டுக் கணக்கு கவனத்திற்குரியது. 1983க்கும் 1997க்கும் இடையே 14 ஆண்டுகள். கல்லூரியில் ஆடும் தகுதி ஒரு மாணவிக்கு நான்கு பருவங்களே. மூன்று தலைமுறைக்கு மேற்பட்ட மாணவியர் ஆடாமலே பட்டம் பெற்றுச் சென்றனர். இறுதித் தீர்ப்பு வந்தபோது, ஆடுவதற்காக வழக்குத் தொடுத்தோர் ஆடும் நிலையில் இல்லை. கொலராடோவில் அணியை வைத்திருந்தோர் அதனை ஓராண்டில் மீட்டனர். லூசியானாவிலோ இல்லாத அணியைக் கேட்டோர் தமக்குப் பின் வந்தோர்க்கே அதனைப் பெற்றுத்தந்தனர். சட்டம் ஒன்றே, இருப்பதைக் காப்பதற்கும் இல்லாததை உண்டாக்குவதற்கும் அது பயன்பட்ட விதம் வேறு. 1997இல் மீண்டும் தொடங்கிய லூசியானா அணி, தன் ஐந்தாம் பருவமாகிய 2001இல் உலகத் தொடருக்குத் தகுதிபெற்றது. ஆர்வமும் திறனும் இல்லை என்று சொல்லப்பட்ட இடம் அது.

வரவும் செலவும்

1994இல் இயற்றப்பட்ட விளையாட்டுச் சமவாய்ப்பு வெளிப்படுத்தல் சட்டம், இருபாலார் பயிலும் கல்லூரிகள் ஆண்டுதோறும் தம் கணக்கை வெளியிடக் கோருகிறது. ஆடுவோர் எண்ணிக்கை, தலைமைப் பயிற்றுநரும் துணைப் பயிற்றுநரும் ஆணா பெண்ணா, முழுநேரமா பகுதிநேரமா, சராசரி ஊதியம், உதவித்தொகை, மாணவரைத் திரட்டும் செலவு, இயக்கச் செலவு, வரவு ஆகியன அதில் இடம்பெறும். ஆய்வாளர்க்கு இது பெருங்கொடை. ஆனால் இவ்வறிக்கையைப் படிப்போர் ஒன்றில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பல கல்லூரிகளின் மென்பந்து அணிக்கு வரவும் செலவும் ஒரு டாலர் பிசகாமல் ஒத்திருக்கும். நுழைவுச்சீட்டு விற்றே அணி தன்னைத் தாங்குகிறது என்பது இதன் பொருளன்று. குறைந்த தொகையைப் பல்கலைக்கழகமே இட்டு நிரப்பி அதனையும் வரவாகக் காட்டுகிறது. பேஸ்பாலும் பெரும்பாலான கல்லூரிகளில் இவ்வாறுதான் நடக்கிறது. ஆயினும் நட்டம் தரும் ஆட்டம் என்ற பெயர் மென்பந்துக்கே எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

உதவித்தொகையின் அமைப்பும் அறியத்தக்கது. முதற்பிரிவுக் கல்லூரிகளில் மென்பந்து அணிக்கு 12 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகையே நெடுங்காலம் உச்சவரம்பாக இருந்தது. அதனைப் பயிற்றுநர் பங்கிட்டு வழங்குவார். 24 பேர் கொண்ட அணியில் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்குப் பாதி. நடைமுறையில் பந்து வீச்சாளருக்கு முழுமையும், மாற்று ஆட்டக்காரருக்குப் புத்தகச் செலவும் என்று வேறுபடும். அமெரிக்கக் கால்பந்தில் 85 பேருக்கும் முழு உதவித்தொகை வழங்கப்பட்ட காலத்தில் இந்நிலை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கும் மென்பந்து ஆடப்படுகிறது.

பணியாளர் கணக்கில் ஒரு விந்தையான இடம் 2023 வரை இருந்தது. அதுதான் ‘தன்னார்வப் பயிற்றுநர்’. தலைமைப் பயிற்றுநருக்கும் துணைவர் இருவருக்கும் மட்டுமே ஊதியம் அளிக்க விதி இடங்கொடுத்தது. நான்காமவர் அதே களத்தில் அதே நேரம் உழைத்தார். ஆனால் ஊதியம் பெறக் கூடாது. ஆட்டப் பயிற்சி முகாம்களில் ஈட்டுவதைக் கொண்டு வாழ்க்கையை நடத்தியோர் பலர். 2023 ஜூலை 1 முதல் இவ்வகைப் பணியிடம் நீக்கப்பட்டு, அவ்விடம் ஊதியம் வழங்கத்தக்கதாயிற்று. 1972க்கு முந்திய பெண் ஆசிரியர்களின் ஊதியமற்ற உழைப்பு, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் விதிநூலில் வேறு பெயரோடு வாழ்ந்திருந்தது என்று கருத இடமுண்டு.

படிப்புக் கணக்கு

1990இல் வந்த ஒரு சட்டம், விளையாட்டு உதவித்தொகை பெறுவோரின் பட்டமேற்பு விகிதத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்றது. 1991 முதல், பருவ காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் பயிற்சி கூடாது என்ற விதியும் நடப்பிலுள்ளது. 2003–04ஆம் கல்வியாண்டு முதல் என்.சி.ஏ.ஏ. ‘கல்வி முன்னேற்ற விகிதம்’ என்ற அளவையைக் கணக்கிடுகிறது. உதவித்தொகை பெறும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அரையாண்டிலும் இரண்டு புள்ளிகள். படிப்பில் தகுதி இழக்காதிருந்தால் ஒன்று. கல்லூரியை விட்டு விலகாதிருந்தால் ஒன்று. பெற்றதைப் பெறத்தக்கதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவர். உதவித்தொகை பெறும் 15 பேர் உள்ள அணிக்கு ஆண்டில் 60 புள்ளிகள். ஒருத்தி தகுதியும் இழந்து விலகியும் போனால் 58, மதிப்பு 967. இருவர் அவ்வாறானால் 933. மூவரானால் 900. நான்காண்டுச் சராசரி 930க்குக் கீழே போனால் அணி இறுதிச் சுற்றுப் போட்டிகளில் ஆட இயலாது. சிறிய அணியில் இரண்டு மாணவியருக்கும் மூவருக்கும் இடையில் அபாயக் கோடு ஓடுகிறது.

மகளிர் அணிகள் இவ்வளவையில் ஆண்கள் அணிகளைவிட மேல்நிற்பது வழக்கம். மென்பந்தும் அவ்வாறே. அதன் பட்டமேற்பு வெற்றி விகிதம் அண்மை ஆண்டுகளில் 90 விழுக்காட்டை ஒட்டியோ கடந்தோ அமைந்துள்ளது. இந்த விகிதம் நற்தகுதியோடு வேறு கல்லூரிக்கு மாறிச் சென்றோரைக் கணக்கில் கொள்ளாது. கூட்டாட்சி அரசின் விகிதமோ அவர்களைப் பட்டம் பெறாதோராகவே எண்ணும். ஆகவே ஒரே அணிக்கு இரு மதிப்புகள் வழங்குகின்றன. கல்லூரி விளம்பரங்களில் எது இடம்பெறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிப்பில் மென்பந்து மாணவியர் சிறப்பதற்குக் காரணம் ஒன்றும் மறைபொருள் அன்று. பந்தாட்டத்தை நம்பி வாழத்தக்க தொழில்முறைக் களம் பெண்களுக்கு மிகச் சிறிதாகவே இருந்தது; பட்டமே கைப்பொருள். ஆனால் இந்நற்பெயர் 1983இல் லூசியானாவிலும் 1992இல் கொலராடோவிலும் அணியைக் காக்கும் கேடயமாகவில்லை. நீதிமன்றங்களும் அதனைக் கேட்கவில்லை. எண்ணப்பட்டது தலைகளே. மாறாக, படிப்புக்கு ஊறு செய்யும் முடிவுகள் மென்பந்தைக் கருதாமலே எடுக்கப்பட்டன. ஒரு பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். பிப்ரவரியில் பருவம் தொடங்கும்போது வட மாநிலக் களங்கள் பனியில் கிடக்கும். அவ்வணிகள் வாரந்தோறும் தெற்கே பறக்க வேண்டும். கால்பந்துத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களுக்காக 2024 ஆகஸ்டில் கூட்டமைப்புகள் மாற்றியமைக்கப்பட்டபோது, பசிபிக் கரையின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் இருக்கும் கூட்டமைப்பிலும், ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பிலும் சேர்ந்தன. வியாழன் காலை வகுப்பை விட்டு விமானம் ஏறுபவர் மென்பந்து மாணவி. ஒப்பந்தம் கையெழுத்தானது கால்பந்துக்கு.

பணம் பெருகிய காலம்

ஒக்லஹாமா பல்கலைக்கழகத்தில் பேட்டி காசோ பொறுப்பேற்ற 1990களின் நடுப்பகுதியில், அணி ஆடியது ரீவ்ஸ் பார்க் என்ற நகரப் பொதுப் பூங்காவில். தனிக்களம் 1998இல் கிடைத்தது. முதல் தேசியப் பட்டம் 2000இல். 2024க்குள் எட்டுப் பட்டங்களை வென்ற அவ்வணிக்கு அவ்வாண்டு மார்ச்சில் 4,200 இருக்கைகள் கொண்ட புதிய களம் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 4.8 கோடி டாலர். ஒரே பயிற்றுநரின் பணிக்காலத்திற்குள் பூங்காவிலிருந்து இவ்வரங்கிற்கு வந்துசேர்ந்த பயணம் இது. அவரது ஊதியமும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலரைக் கடந்தது. மகளிர் அணிக்குப் பெண் ஒருவர் பயிற்றுநராக நீடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சான்று என்பர். ஒரு சான்றைக் கொண்டு முன்னர்க் கண்ட விழுக்காட்டை மறந்துவிட முடியாது.

2021ஆம் ஆண்டு மகளிர் உலகத் தொடரைத் தொலைக்காட்சியில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பார்த்தனர். அதே ஆண்டின் ஆண்கள் பேஸ்பால் உலகத் தொடருக்கு அவ்வளவு பார்வையாளர் இல்லை. அவ்வாண்டே என்.சி.ஏ.ஏ. அமர்த்திய வழக்குரைஞர் குழுவொன்று இரு தொடர்களையும் ஒப்பிட்டது. மென்பந்து மாணவியர்க்கு ஓய்வு நாள் குறைவு, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடும் நெருக்கடி, அரங்கில் குளியல் வசதி இன்மை என்பன அதில் வெளிப்பட்டன. அதன்பின் 2022இல் அட்டவணை தளர்த்தப்பட்டது. பார்வையாளர் பெருகினும், எவரேனும் ஒப்பிட்டு எழுதும்வரை குளியலறை கட்டப்படுவதில்லை.

2025 ஜூன் 6 அன்று கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்பளித்த ஹவுஸ் வழக்கு உடன்பாடு இம்மூன்று கணக்குகளையும் மீண்டும் கலைத்துப்போட்டுள்ளது. கல்லூரிகள் தம் விளையாட்டு வருவாயிலிருந்து மாணவர்க்கு நேரடியாகப் பங்களிக்கலாம். 2025–26ஆம் ஆண்டுக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். கடந்த காலத்திற்கான இழப்பீட்டின் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் செல்லும் வகையில் வகுக்கப்பட்டது. இப்புதிய தொகைக்கு ஒன்பதாம் தலைப்பு பொருந்துமா என்பதே வினா. பொருந்தும் என்று அமெரிக்கக் கல்வித் துறை 2025 ஜனவரியில் விளக்கம் வெளியிட்டது. ஆட்சி மாறியபின் பிப்ரவரியில் அதனைத் திரும்பப் பெற்றது. இழப்பீட்டுப் பகிர்வு சட்டத்திற்கு முரணானது என்று வீராங்கனைகள் சிலர் ஜூன் மாதத்திலேயே மேல்முறையீடு செய்தனர். அதே ஜூன் மாதத்தில், 1997இல் உடன்பாட்டின் பேரில் தொடங்கப்பட்ட டெக்சஸ் அணி தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது.

உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் 12 உதவித்தொகை என்ற பழைய வரம்பு நீங்கி, அணிக்கு 25 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு வந்துள்ளது. விரும்பினால் 25 பேருக்கும் முழு உதவித்தொகை அளிக்கலாம். 26ஆம் மாணவிக்கு அணியில் இடமில்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த விளையாட்டுத் துறை இயக்குநர் தீர்மானிப்பார்.